ஓடிக்கொண்டே ஒரு கேள்வி

சௌம்யாவுக்கு அந்த அக்காவின் முதுகு நன்றாகத் தெரியும். முகம்தான் தெரியாது.

பதினோரு நாட்களாக ஒருவர் பின்னாலேயே ஓடினால் வேறு என்னதான் தெரியும்? சிவப்புப் பனியன். தூக்கிக் கட்டிய சடை. அந்தச் சடை ஒரே சீராக இடதும் வலதுமாக ஆடும். கிரிவலப் பாதையில் காலையில் நடக்கிற கூட்டத்துக்குள் புகுந்து, யார்மேலும் இடிக்காமல், மூச்சும் வாங்காமல் அந்த அக்கா போய்க்கொண்டே இருப்பார். பின்னால் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் நாக்குத் தள்ள ஓடி வருகிறாள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது.

சௌம்யா ஏழாம் வகுப்பு. வீடு செங்கம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில். ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனால், மலையைச் சுற்றும் பாதை வலது பக்கம் திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் அவள் தினமும் ஓட ஆரம்பிப்பாள். நிருதி லிங்கம் கோயிலுக்கு முன்பே ஓட்டம் முடிந்துவிடும். அவளாக முடிப்பதில்லை. வயிற்றுக் குத்தல் வந்து முடித்து வைக்கும்.

அந்தக் குத்தலால்தான் அவளுக்குப் பள்ளியில் ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது.

போன வருடம் அறுநூறு மீட்டர் ஓட்டம். பள்ளி மைதானத்தை மூன்று சுற்று சுற்ற வேண்டும். விசில் ஊதியதும் சௌம்யா பறந்தாள். முதல் சுற்றில் அவள்தான் முன்னால். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில் பாதி வந்தபோது விலாவில் யாரோ ஊசியால் குத்துவதுபோல இருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுப்பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

ஓடியது ஒன்றரைச் சுற்று. அன்றிலிருந்து அவள் பெயர் 'ஒன்றரை'.

"ஒன்றரை, ரப்பர் குடு!" "ஒன்றரை, உன்னை டீச்சர் கூப்பிடறாங்க!" என்று வகுப்பே கூப்பிட்டது. சௌம்யாவும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள். உள்ளுக்குள் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறையும் வலித்தது.

இந்த வருடம் பக்கத்துப் பள்ளிகளெல்லாம் மோதும் குறுவட்டப் போட்டிக்கு அவள் பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பப்போகிறார்கள். அதற்கான தேர்வு ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. மூன்று சுற்றையும் ஓடி முடிக்க வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக வர வேண்டும். சௌம்யாவுக்கு இதைவிடப் பெரிய ஆசை அப்போது எதுவும் இல்லை.

விளையாட்டு ஆசிரியர் விஸ்வநாத் சார் நல்லவர்தான். ஆனால் நானூறு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர். யார் எந்தப் போட்டியில் ஓடினாலும் மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வேகமா ஓடு! வேகமா ஓடு!"

வேகமாக ஓடித்தானே அவள் உட்கார்ந்தாள்!

பக்கத்தில் இருந்து யாராவது சொல்லித்தர வேண்டும். அதற்குச் சிவப்புப் பனியன் அக்காவைவிட நல்ல ஆள் கிடையாது. கேட்டுவிட வேண்டியதுதான். ஒரு வரிதானே? "அக்கா, எனக்கு ஓடச் சொல்லித் தரீங்களா?" கண்ணாடி முன்னால் நின்று இருபது முறை சொல்லிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்த பெண் மிக நன்றாகப் பேசினாள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கேட்க வேண்டும் என்றால் அக்காவை எட்டிப் பிடிக்க வேண்டும். எட்டிப் பிடிக்கிற அளவுக்கு ஓடத் தெரிந்துவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

திங்கட்கிழமை காலை சௌம்யா ஓடவில்லை. நிருதி லிங்கம் கோயில் வாசலுக்கு முன்னதாகவே போய் நின்றுகொண்டாள். அக்கா எப்படியும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். வரட்டும், நிறுத்திக் கேட்டுவிடலாம்.

தூரத்தில் சிவப்பு தெரிந்தது. சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. இருபது அடி. பத்து அடி.

சௌம்யா சடாரென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது.

தட், தட், தட் என்று ஒரு ஜோடி நீல ஷூக்கள் அவள் மூக்குக்கு முன்னால் கடந்து போயின. நிமிர்ந்து பார்த்தபோது பழைய முதுகு.

செவ்வாய்க்கிழமையும் அதே இடம், அதே ஷூ, அதே முடிச்சு.

அன்று மாலை, பொழுது சாய்வதற்கு முன் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சௌம்யாவின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவர்கள் ஜைனக் குடும்பம். சூரியன் இறங்கிவிட்டால் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். அப்பா குணபாலனுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸில் வேலை. இந்தச் சாப்பாட்டுக்காகவே ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வருவார்.

அம்மா சந்தனா விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அவ்ளோதானே? நாளைக்கு நான் வரேன். நானே அந்தப் பொண்ணுகிட்ட கேக்கறேன்."

"வேணாம்மா!"

"ஏன்டி?"

"நீ கேட்டா, 'எங்க பாப்பாவுக்கு ரொம்ப வெக்கம், கொஞ்சம் பாத்துக்கம்மா'ன்னு ஆரம்பிப்ப."

"உண்மையதானே சொல்லுவேன்?"

"அதனாலதான் வேணாம்ங்கறேன்."

அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

படுத்துக்கொண்டு சௌம்யா யோசித்தாள். ஒரே இடத்தில் நின்று காத்திருப்பதுதான் தப்பு. நின்றால் குனியத் தோன்றுகிறது. எதிரில் நடந்து போனால்? இரண்டு பேரும் நேருக்கு நேர் வருவோம். நடக்கிறவள் எப்படிக் குனிய முடியும்? முகத்தைப் பார்த்துக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

யோசனை நன்றாகத்தான் இருந்தது. அவள் மறந்துபோன விஷயம் ஒன்று உண்டு. அவள் இருப்பது திருவண்ணாமலை.

திருவண்ணாமலையில் மலையை எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள். மலை எப்போதும் வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் வேலையாக எதிர்த்திசையில் போவது உண்டு, ஆனால் அவர்கள் ரோட்டின் மறு ஓரமாகப் போய்விடுவார்கள். சௌம்யாவும் வீட்டுக்குத் திரும்பும்போது அப்படித்தான் வருவாள், யாரும் எதுவும் சொன்னதில்லை. பக்தர்கள் வெறுங்காலோடு வலம் வருகிற நடைபாதையில், அவர்களுக்கு எதிராகவே ஒருத்தி வந்தால் அது வேறு கதை.

புதன்கிழமை காலை நிருதி லிங்கத்தையும் தாண்டிப் போய், நடைபாதையில் ஏறி, எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினாள் சௌம்யா.

பத்து அடி போயிருப்பாள்.

"அய்யய்யோ! இடமா வரக் கூடாது பாப்பா!" பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா அவள் இரண்டு தோளையும் பிடித்து, அலமாரியைத் திருப்பி வைப்பதுபோலத் திருப்பி வைத்தார். "மலை வலது கைப்பக்கம் இருக்கணும். ம், இப்படிப் போ."

"இல்லீங்க, நான் வந்து…"

என்ன சொல்வது? சொல்ல முடியாத விஷயத்தைச் சொல்லத்தானே இந்தப் பாடே! சௌம்யா நாலு அடி சும்மா நடந்தாள். பச்சைப் புடவை முன்னால் போனதும் மறுபடி எதிர்ப்பக்கம் திரும்பினாள்.

இந்த முறை நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு பெரியவர். "திரும்பும்மா, திரும்பு. ஊருக்குப் புதுசா?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊருப் பொண்ணா இப்படிப் போற?" அவருக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் திரும்பி நடக்கும் வரை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார்.

மூன்றாவதாக ஆந்திராவிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு கூட்டம். அவர்கள் தெலுங்கில் ஏதோ சொன்னார்கள். பதினைந்து கைகள் ஒரே நேரத்தில் வட்டம் போட்டுக் காட்டியதால் மொழி தெரியாமலே புரிந்துவிட்டது.

நான்காவது முறை அவள் எதிர்ப்பக்கம் திரும்பியபோது ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்தே குரல் வந்தது. "யாராவது அந்தப் பாப்பாவைத் திருப்பி விடுங்கப்பா! ரொம்ப நேரமா தப்புத் தப்பா போயிட்டிருக்கு!" உடனே இரண்டு பேர் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

சரியாக அந்த நேரம் அவள் காதோரம் காற்று வீசியது. தட், தட், தட். சிவப்புப் பனியன் அவளைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் முதுகு!

சௌம்யாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையோடு கோபமும் வந்தது. கோபத்தில் வெட்கம் மறந்துபோனது.

"அக்கா!" என்று கத்தினாள்.

ஒன்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கிரிவலப் பாதையில் 'அக்கா' என்று கூப்பிட்டால் வேறு எப்படி இருக்கும்? ஒன்பது பேரும் நின்றதில் நடைபாதை அடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் பத்தாவது அக்காவும் நிற்க வேண்டியதாயிற்று. அவர்தான் சிவப்புப் பனியன்.

"என்ன பாப்பா? யாரைத் தொலைச்சிட்ட?" என்று கேட்டார் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"யாரையும் தொலைக்கலைங்க. அந்த அக்காகிட்ட பேசணும்."

"எதுக்கு?"

எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து ஷூவைக் கட்ட அங்கே இடம்கூட இல்லை.

"நான் ஓடக் கத்துக்கணும்! அவங்ககிட்ட!"

சொல்லிவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. "நல்லதுதானே," என்றார் மூக்குக்கண்ணாடிப் பெண். "போய்க் கேளு, போ," என்று விலகி வழிவிட்டார். மற்ற எட்டுப் பேரும் விலகினார்கள்.

அந்த அக்காவுக்கு இருபத்தோரு வயது இருக்கலாம். சௌம்யா நினைத்துவைத்திருந்த முகம் இல்லை அது. மூக்கில் ஒரு சின்ன தழும்பு. நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எனக்கு ஓடச் சொல்லித் தரீங்களா?"

"முடியாது பாப்பா," என்றார் அக்கா.

கேட்பதுதான் கஷ்டம் என்று இத்தனை நாளும் சௌம்யா நினைத்திருந்தாள். கேட்ட பிறகு 'முடியாது' என்று ஒரு பதில் வரலாம் என்பது அவள் கணக்கிலேயே இல்லை.

"கோச்சுக்காத. அடுத்த மாசம் எனக்கு போலீஸ் செலக்ஷன் இருக்கு. காலையில இந்த ஒரு ரவுண்டுதான் ஓட முடியும். வீட்டுக்குப் போய் சமைச்சு வெச்சிட்டு வேலைக்குப் போகணும். நடுவுல நின்னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தா உடம்பு ஆறிடும். வரட்டா?"

அக்கா கிளம்பிவிட்டார். அந்தச் சடை மறுபடி ஆட ஆரம்பித்தது.

வேறு ஒரு நாளாக இருந்தால் சௌம்யா அங்கேயே நின்றிருப்பாள். ஆனால் ஒன்பது பேர் முன்னால் சத்தம் போட்டுச் சொன்ன பிறகு இனி வெட்கப்பட என்ன மிச்சம்? ஓடினாள்.

"அக்கா! நீங்க நிக்க வேணாம்! ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி! நீங்க ஓடிட்டே இருங்க. நானும் ஓடிட்டே கேக்கறேன்!"

அக்கா ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். முகத்தில் லேசாகச் சிரிப்பு.

"ஒரு கேள்விதான்?"

"ஒண்ணே ஒண்ணு!"

"நாளைக்கு அந்த செங்கம் ரோடு திருப்பத்துல நில்லு. நிருதி லிங்கம் வரைக்கும்தான். என் பேரு ரேவதி."

மறுநாள் ரேவதி அக்கா திருப்பத்துக்கு வந்ததும் சௌம்யா பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். கேள்வியை இரவே தயார் செய்திருந்தாள்.

"அக்கா… நான்… ஏன்க்கா… பாதியிலேயே…"

அதற்குமேல் வரவில்லை. மூச்சுதான் வந்தது.

"என்ன? ஏன் பாதியிலேயே?"

"நின்… நின்…"

"கேள்வியே பாதியில நின்னுடுச்சே! பதில் அதுலயே இருக்கு பாரு," என்று சிரித்தார் ரேவதி அக்கா. அவருக்குக் கொஞ்சமும் மூச்சு வாங்கவில்லை. "வேகம் ஜாஸ்தி. ஓடும்போது ஒரு வரி முழுசா பேச முடியணும். முடியலைன்னா நீ தாங்குற அளவைத் தாண்டி ஓடறன்னு அர்த்தம். கம்மி பண்ணு. இன்னும் கம்மி. ம், இப்பக் கேளு."

"நான் ஏன்க்கா பாதியிலேயே நின்னுடறேன்?"

முழு வாக்கியமும் வந்துவிட்டது! சௌம்யாவுக்கே ஆச்சரியம்.

"அந்தக் கேள்விக்குத்தான் ஏற்கெனவே பதில் சொல்லிட்டேனே. கோயில் வந்துடுச்சு. நாளைக்குப் பாக்கலாம்."

ஒரு நாளைக்கு ஒரு கேள்வி என்பது கேட்கத்தான் சுலபம். எதைக் கேட்பது என்று முடிவு செய்வதற்குள் பாதி நாள் போய்விடும். 'எந்த ஷூ நல்லது?' என்று ஒரு நாளை வீணாக்க முடியுமா? தன் ஓட்டத்தைப் பற்றித் தானே யோசித்து, தெரிந்ததையெல்லாம் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற ஒன்றை மட்டும் அவள் கேட்டாள். கையை எப்படி வைத்துக்கொள்வது? கடைசிச் சுற்றில் எப்போது வேகத்தைக் கூட்டுவது? கேட்டதை மாலையில் தெருவில் ஓடிப் பார்ப்பாள். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே ஓடுவாள். பதினேழாம் வாய்ப்பாட்டில்தான் தடுமாறும். அதற்குக் காரணம் மூச்சு இல்லை.

திங்கட்கிழமை முக்கியமான கேள்விக்கு வந்தாள்.

"மெதுவா ஓடினாலும் விலாவுல குத்துதேக்கா. ஏன்?"

"ஓட வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிடற?"

"பொங்கல். ஒரு டம்ளர் பால். அப்புறம் அம்மா கொஞ்சம் பொங்கல் வெப்பாங்க."

ரேவதி அக்கா ஓடுவதையே நிறுத்திவிட்டார். நிற்க மாட்டேன் என்றவர் நின்றது அன்றுதான் முதல்முறை.

"காலங்காத்தால பொங்கலா? எத்தனை மணிக்கு?"

"ஆறு ஆறேகால். சூரியன் வந்ததும் சாப்பிட்டுட்டு நேரா இங்க வந்துடுவேன். நாங்க ஜைனருங்கக்கா. பொழுது சாய்ஞ்சா சாப்பிட மாட்டோம். ராத்திரி பூரா வயிறு காலியா இருக்குமேன்னு அம்மா காலையில அதையும் சேத்து வெச்சிடுவாங்க. போட்டி அன்னிக்கெல்லாம் இன்னும் ஜாஸ்தி வெப்பாங்க. தெம்பு வேணும்ல?"

"அம்மா தாயே!" ரேவதி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொங்கலைத் தூக்கிக்கிட்டா ஓடின இத்தனை நாளும்? குத்தாம என்ன பண்ணும்? ஓடறதுக்கு முன்னாடி கொஞ்சமா சாப்பிடு. ஓடிட்டுப் போய் மிச்சத்தைச் சாப்பிடு."

இதை வீட்டில் சொன்னபோது அம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"வெறும் வயித்துல ஓடினா மயக்கம் போட்டு விழுவ. நேத்து சாயங்காலம் சாப்பிட்டது!"

"வெறும் வயிறு இல்லம்மா. ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுட்டு ஓடறேன். வந்ததும் பொங்கல் முழுசையும் சாப்பிடறேன். ரெண்டு தடவையா வெக்கறதை ஒரே தடவையா வை. கணக்கு ஒண்ணுதானே?"

அம்மா யோசித்தார். பொங்கல் குறையப்போவதில்லை என்று தெரிந்ததும் மனம் கொஞ்சம் இறங்கியது. இருந்தாலும் மறுநாள் காலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் திருப்பத்துக்கு வந்து நின்றார்.

"எங்க வீட்டுப் பொங்கல வேணாம்னு சொன்ன பொண்ணு நீதானா?"

ரேவதி அக்கா திகைத்துப்போனார். "பொங்கல வேணாம்னு சொல்லலீங்க. நேரத்த மாத்திக்கச் சொன்னேன்."

"மயக்கம் வராதே?"

"வராதுங்க. நான் பாத்துக்கறேன்."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா இவ்ளோ ஒல்லியா இருக்க? உங்க வீட்ல பொங்கல் வெக்க மாட்டாங்களா? ஞாயித்துக்கிழமை வா, நான் வெக்கறேன்," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று நிருதி லிங்கம் வரை சௌம்யா பேசிக்கொண்டே ஓடினாள். விலாவில் எந்த ஊசியும் குத்தவில்லை. கோயில் வாசலில் நின்றபோது அவளுக்கு இன்னும் ஓட வேண்டும்போல இருந்தது. அப்படி இருந்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தேர்வு ஓட்டத்துக்குப் பதினான்கு பேர் கோட்டில் நின்றார்கள். எப்போதும் முதலாவதாக வரும் கவியா முன்னால் நின்றாள். "ஒன்றரை, இந்த வருஷம் ரெண்டாவது ஆக்கிடு!" என்று யாரோ கத்தினார்கள். மைதானமே சிரித்தது.

விசில் ஊதியது. பதின்மூன்று பேர் பாய்ந்தார்கள். சௌம்யா மட்டும் பாயவில்லை. தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே நிதானமாகக் கிளம்பினாள்.

முதல் சுற்று முடிந்தபோது அவள்தான் கடைசி.

"வேகமா ஓடு! வேகமா ஓடு!" என்றார் விஸ்வநாத் சார்.

வேகமாக ஓட அவளுக்குக் கால் துடித்தது. எல்லோரும் முன்னால் போகிறார்களே என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு வரியை முழுதாகச் சொல்லிப் பார்த்தாள்: "பதினேழு மூணு அம்பத்தொண்ணு." வந்தது. இதே வேகம் போதும்.

இரண்டாவது சுற்றில் ஒருத்தி இடுப்பைப் பிடித்தாள். சௌம்யா அவளைத் தாண்டினாள். அடுத்து மூன்று பேர் மூச்சு வாங்கி நடக்கத் தொடங்கினார்கள். அவர்களையும், வேகம் தளர்ந்த இன்னும் நாலு பேரையும் தாண்டினாள். போன வருடம் உட்கார்ந்த இடம் வந்தது. உட்காரவில்லை. மூன்றாவது சுற்றுக்கு மணி அடித்தபோது அவளுக்கு முன்னால் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

இப்போதுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். வாய்ப்பாட்டை விட்டாள். கையை வீசினாள். ஐந்தாவது. நான்காவது. மூன்றாவது. கடைசி வளைவில் இன்னொருத்தியின் தோளைத் தோள் உரசத் தாண்டினாள். எதிரே கவியாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அதைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டியபோது இருவருக்கும் நடுவே நாலு அடிதான் இருந்தது.

இரண்டாவது. போட்டிக்குப் போவது இரண்டு பேர்.

விஸ்வநாத் சார் தாளில் பெயர் எழுதப் போனவர் நிமிர்ந்தார். "முதல் ரவுண்டுல தூங்கிட்டு இருந்தியே! யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டேன் சார்," என்றாள் சௌம்யா. பெயரை எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை திருப்பத்தில் ரேவதி அக்காவைக் கண்டதும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினாள். ரேவதி அக்கா ஓடி வந்து அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இருவரும் ஓடத் தொடங்கினார்கள்.

"ம், இன்னிக்குக் கேள்வி என்ன?"

"இன்னிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லக்கா. நீங்க வேணா கேளுங்க."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் ரேவதி அக்கா நிஜமாகவே கேட்டார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி எங்கிட்ட கேட்டியே. எப்படிக் கேட்ட?"

"ஏன்க்கா?"

"செலக்ஷன்ல ஓட்டம் மட்டும் இல்ல, நீளம் தாண்டணும். எனக்கு ஓட்டம்தான் வரும், தாண்டவே வராது. போன தடவை அதுலதான் போச்சு. வேங்கிக்கால்கிட்ட ஒரு கிரவுண்டுல சிவப்பிரியா மேடம்னு ஒருத்தர் பொண்ணுங்களுக்குச் சொல்லித் தர்றாங்க. மூணு வாரமா வாசல் கேட் வரைக்கும் போறேன். வண்டியத் திருப்பிட்டு வந்துடறேன்."

சௌம்யா நம்ப முடியாமல் பார்த்தாள். இந்த அக்காவா? மூச்சே வாங்காத இந்த அக்காவுக்கா பயம்?

"மேடம் எத்தனை மணிக்கு இருப்பாங்க?"

"ஒம்போது வரைக்கும்."

"எங்க அம்மாகிட்ட சொல்லிட்டு வரேன். நானும் கூட வரேன்க்கா. இன்னிக்கே போலாம்."

எட்டரை மணிக்கு ரேவதி அக்காவின் ஸ்கூட்டி அந்த மைதானத்துக்குள் நுழைந்தது. கேட்டில் ஒருமுறை தயங்கியது. பின்னால் சௌம்யா உட்கார்ந்திருந்ததால் திரும்பவில்லை.

மணல் குழிக்குப் பக்கத்தில், தலையில் தொப்பியும் கையில் அளவு டேப்புமாக ஒருவர் நின்றிருந்தார். நான்கைந்து பெண்கள் ஓடி வந்து தாண்டிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் போய் நின்றதும் அவர் திரும்பினார்.

"என்னம்மா?"

ரேவதி அக்கா சௌம்யாவைப் பார்த்தார். கண்ணாலேயே 'நீ சொல்லேன்' என்றார்.

சொல்ல வேண்டியது முழுவதும் சௌம்யாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'மேடம், இந்த அக்கா ரொம்ப நல்லா ஓடுவாங்க, தாண்ட மட்டும்…' என்று ஆரம்பித்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். சொல்லாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அறுநூறு மீட்டர் ஓடியதே இதைவிடச் சுலபம் என்று தோன்றியது.

ரேவதி அக்கா மேடத்தின் பக்கம் திரும்பினார். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"மேடம், எனக்குத் தாண்டத் தெரியல. சொல்லித் தரீங்களா?"

மேடம் அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அளவு டேப்பைச் சுருட்டினார்.

"ஓடி வந்து ஒரு தடவை தாண்டிக் காட்டு, பாப்போம்."

சௌம்யா அப்போதுதான் மூச்சு விட்டாள்.